திகில் நாவல் மனத்தைக் கெடுக்குமா?
வாசகர்கள் சொல்வது என்ன?

இரவு மணி பன்னிரண்டு. வீடு முழுவதும் தூங்குகிறது. ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. கையில் ஒரு மர்ம நாவல். அடுத்த பக்கத்தில் வரப்போவது பிணமா, பேயா? நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் புத்தகத்தை மூட மனம் வரவில்லை!

இது நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா?

"இளம் மனத்தில் நஞ்சைக் கலக்கும் புத்தகங்கள் இவை" என்கிறார்கள் ஒரு சாரார். "கதை வேறு, வாழ்க்கை வேறு என்பது எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள் வாசகர்கள்.

இந்தச் சண்டை அமெரிக்காவில் சூடு பிடித்திருக்கிறது.

206 தடவை

பள்ளிகளிலிருந்து அகற்றப்படும் புத்தகங்களை, "பென் அமெரிக்கா" என்ற எழுத்தாளர் சங்கம் கணக்கெடுத்து வருகிறது. 2024-25 பள்ளி ஆண்டில் அதிகமாக அடிபட்டவர் யார் தெரியுமா? திகில் நாவல் மன்னர் ஸ்டீபன் கிங்! அவருடைய 87 நூல்கள் மொத்தம் 206 தடவை அகற்றப்பட்டன. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைக்கப்பட்டவையும் இந்தக் கணக்கில் அடங்கும்.

வன்முறை, ஆபாசம் என்ற ஆட்சேபணை ஒரு பக்கம். புதிய சட்டங்களில் மாட்டிக் கொள்வோமோ என்ற அதிகாரிகளின் பயம் மறுபக்கம்.

கொலைகாரச் சிறுவன்

இது புதிய குற்றச்சாட்டு அல்ல. 1895-ம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு பயங்கரம் நடந்தது. ராபர்ட் கூம்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன், தூங்கிக் கொண்டிருந்த தாயைக் குத்திக் கொன்றான். தகப்பனார் கப்பல் வேலையில் கடல் கடந்து போயிருந்தார். பிணத்தை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தம்பியை அழைத்துக் கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போனான் ராபர்ட்!

வீட்டைச் சோதனை போட்டபோது, மலிவு விலைக் கொலைக்கதைப் புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கிடைத்தன. "இவைதான் பையனைக் கெடுத்தன!" என்று பத்திரிகைகள் முழங்கின.

தாய் தம்பியை அடித்தாள் என்று ராபர்ட் சொன்னான். அவனுக்குக் கடுமையான தலைவலி வருவதுண்டு என்று கோர்ட்டில் சாட்சி சொல்லப்பட்டது. அதெல்லாம் பலர் காதில் ஏறவில்லை. அதே கதைகளைப் படித்த ஆயிரக்கணக்கான சிறுவர்கள் யாரையும் கொல்லவில்லை என்பதையும் நினைத்துப் பார்ப்பார் இல்லை.

டாக்டரின் புத்தகம்

1954-ல் அமெரிக்காவில் மறுபடி அதே கூச்சல். கொலை, பேய்ச் சித்திரக் கதைகள் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று பிரெடரிக் வெர்தாம் என்ற மனநோய் டாக்டர் புத்தகம் எழுதினார். செனட் கமிட்டி விசாரணை நடத்தியது. பதிப்பாளர்களே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக் கொண்டார்கள். திகில் சித்திரக் கதைப் பத்திரிகைகள் பல மூடப்பட்டன.

பிறகு என்ன ஆயிற்று? டாக்டரின் குறிப்பேடுகளை கரோல் டில்லி என்ற பேராசிரியை ஆராய்ந்தார். சிறுவர்கள் சொன்னதை டாக்டர் மாற்றியும் திரித்தும் எழுதியிருந்தார் என்று 2012-ல் அம்பலப்படுத்தினார்!

படிப்பவர் கட்சி

மர்ம நாவல் பிரியர்களைக் கேட்டால், பல காரணங்கள் சொல்வார்கள். சிலருக்கு, புதிரை விடுவிப்பதில் ஆனந்தம். சிலருக்கு, கடைசிப் பக்கத்திலாவது நியாயம் ஜெயிக்கிறதே என்ற ஆறுதல். பேய்க்கதைக்காரர்களோ, "பயத்தை வீட்டுக்குள்ளேயே பழகிக் கொள்கிறோம்" என்பார்கள்.

இது வெறும் பேச்சல்ல. கொரோனாக் காலத்தில், 2020-ல் நடந்த ஓர் ஆய்வில், திகில் படப் பிரியர்கள் மற்றவர்களைவிட மனம் தளராமல் இருந்தது தெரிய வந்தது. அது சினிமா ரசிகர்களைப் பற்றிய ஆய்வுதான். என்றாலும் யோசிக்க வைக்கிறது.

அந்த வாசகர்களிலேயே கண்டிப்பானவர்களும் உண்டு. "காரணமின்றி ரத்தம் கொட்டுவது கதையல்ல, பெண்ணைச் சித்திரவதை செய்வதை ரசிக்கும்படி எழுதுவது கலையல்ல" என்பது அவர்கள் அபிப்பிராயம். நியாயமான பேச்சு!

எழுத்தாளரே நிறுத்தினார்

ஸ்டீபன் கிங் 1977-ல் வேறு பெயரில் ஒரு நாவல் எழுதினார். ஒரு மாணவன் துப்பாக்கியுடன் வகுப்பில் புகும் கதை. பிற்காலத்தில் பள்ளியில் சுட்ட சில மாணவர்கள் அதைப் படித்திருந்தது தெரிந்தது. 1997-ல் கெண்டக்கி மாநிலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், அந்த நாவலை இனி அச்சிட வேண்டாம் என்று கிங் சொல்லிவிட்டார். புத்தகம் அவர்களைக் கொலைகாரர் ஆக்கவில்லை. ஆனால் எரியும் மனத்துக்கு அது எண்ணெயாகலாம் என்பது அவர் கருத்து.

தன் புத்தகத்தைத் தானே நிறுத்துவது எழுத்தாளரின் பொறுப்பு. 87 நூல்களை அடுத்தவர் அள்ளிக் கொண்டு போவது வேறு விஷயம்.

கடைசி அத்தியாயம்

ராபர்ட் கூம்ஸ் என்ன ஆனான்? மனநிலை சரியில்லாதவன் என்று தீர்ப்பாகி, மனநோய்க் குற்றவாளிகளுக்கான பிராட்மூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். 1912-ல் விடுதலையாகி, பிறகு ஆஸ்திரேலியா போனான். முதல் உலகப் போரில், குண்டு மழைக்கு நடுவே காயம் பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தான். வீரப் பதக்கமும் பெற்றான்! பின்னாளில், வீட்டில் அடி உதை பட்ட ஒரு சிறுவனுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்தான்.

கொலைக்கதை படித்த அதே பையன்தான்!

பெற்றோர்களே! பிள்ளை கையில் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அங்கே பயம் தெரிந்தால், அது நாவலில் இருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள்.