திறந்து விட்டால் கடமை தீர்ந்ததா?



பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம்மில் கேளாதவர் இல்லை. மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அதைச் சொல்லிவிடும். அவள் அதற்கு உணவு கொடுக்கவில்லை. தானே எதையேனும் பிடித்துத் தின்னட்டும் என்று வெளியே விடவுமில்லை. அது இறந்தது, அதன் பொருட்டு அவள் தண்டனைக்கு உள்ளானாள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. இதைக் கேட்கும்போதெல்லாம், நம் வீட்டுப் பூனைக்கு வேளாவேளைக்கு மீன் தலை விழுகிறதே என்று மனத்துக்குள் தேறிக்கொள்கிறோம். சென்ற ஆண்டு ரமளான் வரை நானும் அப்படித் தேறியிருந்தவன்தான்.

நாங்கள் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில். என் மகள் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்திருந்தாள். பிறந்து பத்து வாரம் இருக்கும். சீனி என்று பெயர் வைத்தாள். தெரு நாய்களுக்குப் பயந்து வாசற்கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தோம்.

ஒரு புதன்கிழமை ஸஹர் நேரத்தில் அது அடுப்படிக்கு வரவில்லை. மீன் சட்டியின் மூடியைத் திறந்தாலே காலைச் சுற்றும் குட்டி வரவில்லையே என்று மகள் கேட்டாள். தூங்கட்டும் என்றேன். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வீடே உறங்கிவிட்டது. நோன்புக் காலத்தில் பகல் எப்படிக் கழியும் என்பது உங்களுக்குத் தெரியும். வியாழனன்று அது கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தது. மாலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. வெயில் சூடு என்றாள் என் மனைவி. நாளை ஜும்ஆ முடிந்ததும் பார்ப்போம் என்றேன் நான். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை, குடிக்க வந்து குடிக்க முடியாமல் நின்றுபோன கோலம் அது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஜும்ஆவுக்குப் பின் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தார். உடல் வெப்பத்தை அளந்தார். இருக்க வேண்டியதை விடக் குறைந்திருந்தது. பேன்லூகோபீனியா என்றார். குடலைத் தாக்கி, இரத்தத்தின் வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும் வைரஸ் நோய். தடுப்பூசி போடாத இளங்குட்டிகளை அதிகம் கொல்வது அதுதான். தோலுக்கடியில் நீர் ஏற்றினார், ஊசி போட்டார். "முதல் நாளே வந்திருந்தாலும் பிழைக்கும் என்று உறுதி சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். அன்றிரவு நான் தராவீஹ் முடிந்து திரும்பியபோது அது இறந்திருந்தது.

மகள் அழுது முடித்த பின் என்னிடம் கேட்டாள்: "வாப்பா, நாம அதைக் கட்டிப்போடலியே?"

இல்லை என்று உடனே சொல்லிவிட எனக்கு நா எழவில்லை. கதவைச் சாத்தியது நான். நாளை பார்ப்போம் என்றதும் நான். பட்டினி போட்டால்தான் குற்றம் என்று நாம் அந்த ஹதீஸைச் சுருக்கி வைத்திருக்கிறோம். அதன் உயிர்நாடி வேறு என்பது என் தாழ்மையான கருத்து. ஓர் உயிர் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ள முடியாத நிலையில் நம் பொறுப்பில் இருக்கிறது. நாம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நோயுற்ற குட்டியைக் கயிறு கொண்டு கட்ட வேண்டியதில்லை, நோயே கட்டிவிடுகிறது.

பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பிறிதொன்றுக்கு இரையாக வேண்டியதுதான் என்பதால் அந்த இயல்பு அதன் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆகவே, நோய் நமக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் அது முற்றத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். கர்ரென்று தொண்டையில் ஒலி எழுப்பினால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நினைக்கிறோம். வலியிலும் அச்சத்திலும்கூட அது அப்படி ஒலிக்கும். மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதும் நம்பத்தக்க அளவுகோல் அன்று.

பார்க்க வேண்டியவை வேறு. வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்துக்கு வராமை முதலாவது. ஒளிந்துகொள்வது, விளையாட்டை நிறுத்துவது, தன்னை நக்கிச் சுத்தம் செய்யாததால் ரோமம் பொலிவிழந்து சிலிர்த்து நிற்பது ஆகியன அடுத்து வரும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்திரை போன்ற மூன்றாம் இமை மேலேறித் தெரிந்தால் உடல் நலிந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் மொய்த்தே ஒரு சிறு குட்டியின் இரத்தத்தை வற்றச் செய்துவிட முடியும். மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் அத்தகைய அவசரமே. நாய் அப்படி மூச்சிரைக்கலாம், பூனை இரைக்கக் கூடாது. தோள்களுக்கு நடுவிலுள்ள தோலை மெல்லத் தூக்கி விட்டால் சட்டென்று படிந்துவிட வேண்டும். கூடாரம்போல் நின்று மெதுவாக இறங்கினால் உடலில் நீர் வற்றியிருக்கிறது.

பூனையின் இயல்பான உடல் வெப்பம் நம்முடையதை விட அதிகம். 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தொட்டால் சூடாக இருக்கிறது என்று பதறுகிறவர்கள் குளிர்ந்த காதுக்கும் குளிர்ந்த பாதங்களுக்கும் பதறுவதில்லை. சோர்ந்து கிடக்கும் குட்டியின் உடல் குளிர்ந்திருப்பது காய்ச்சலை விட அஞ்சத்தக்கது.

வளர்ந்த பூனையே ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் கவலைக்குரியது. பத்து வாரக் குட்டிக்கு அரை நாள் போதும். அதன் உடலில் சேமிப்பு இல்லை. நான் விட்டது இரண்டரை நாள்.

இனி, நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சீனி சோர்ந்து கிடந்த வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு மாமி பரிவோடு பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதானே என்றார்கள். என் மனைவி ஏனோ தயங்கி வாங்கி வைத்துக்கொண்டாள், கொடுக்கவில்லை. அந்தப் பாதி மாத்திரையே ஒரு கிலோ எடைகூட இல்லாத குட்டியைக் கொன்றுவிடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பு நிறமாகும். ஈறுகள் சேற்று நிறமாகும். பிள்ளைகளுக்குரிய இனிப்பு மருந்தாக இருந்தாலும் இதே கதைதான். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சு. தரை துடைக்கும் பினாயிலும் அப்படியே. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பிராணி அது என்பதை மறந்துவிடுகிறோம்.

பசும்பாலைப் பற்றியும் ஒரு சொல். பூனையும் பாலும் என்று பழமொழிகளெல்லாம் இருக்கின்றன. ஆனால் தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கில் இருக்கும் குட்டிக்குக் கிண்ணம் நிறையப் பால் வைப்பது, வற்றும் குளத்தில் மடையைத் திறந்துவிடுவது போன்றது.

மருத்துவரிடம் போகும் வரை நாம் செய்யத்தக்கவை சிலவே. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக் கதகதப்பாக்கலாம். மூக்கடைத்த குட்டி மணம் தெரியாததால் உண்ணாது. மீனைச் சற்றுச் சூடாக்கி வைத்தால் சில வேளை உண்ணும். பீளையால் ஒட்டிக்கொண்ட கண்ணைக் காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். தலை தொங்கக் கிடக்கும் குட்டியின் வாயில் நீரைப் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும்.

நோயுற்ற குட்டியைத் தொடத் தயங்குவோர் நம்மிடையே உண்டு. ஆடை நஜீஸாகிவிடும் என்பர். அபூ கதாதா (ரலி) அவர்கள் தமக்காக வைத்த உளூத் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிக்கச் சாய்த்துக் கொடுத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. பூனை நஜீஸ் அன்று, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னார் விளக்கினார்கள். வாந்தியும் கழிவும் நஜீஸ்தான், கழுவினால் தீர்ந்தது. கைக்குழந்தையுள்ள வீட்டில் இதை நாம் தினமும் செய்துகொண்டுதானே தொழுகிறோம்! (முஅஸ்ஸா என்ற பூனைக்காக நபியவர்கள் தம் ஆடையின் கையை வெட்டியதாகப் பரவும் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ளவையே நமக்குப் போதும். அதைப் பகிர்வதை விட்டுவிடலாம்.)

வீட்டாரின் பாதுகாப்பும் அமானிதமே. பேன்லூகோபீனியா மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கருவுற்ற பெண்கள் பூனையின் கழிவை அள்ளாமல் வேறொருவர் நாள்தோறும் அள்ளுவது நலம்.

மனிதருக்கே மருந்துக்கு வழியில்லை, பூனைக்கா என்ற கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை. பிராணியின் உணவும் நீரும் உடையவர் மீது கடமை என்பதில் ஃபிக்ஹ் நூல்கள் தெளிவாக இருக்கின்றன. மருத்துவச் செலவு எவ்வளவு தூரம் கடமை என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஃபத்வா சொல்லத் தகுதியுள்ளவன் அல்லன். ஆனால் ஆயிரங்கள் கொடுத்துப் பாரசீகப் பூனைக்குட்டி வாங்கி, அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் வீடு, அது நோயுறும்போது மட்டும் ஏழ்மையை நினைவுகூர்வது முறையன்று. இல்லாதவர்க்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன; செலவு சொற்பம். முற்றிய நோய்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் தஞ்சை ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள்.

நான் மிக வருந்துவது வேறொரு வழக்கத்தைக் குறித்து. குட்டி நோயுற்றதும் சாக்கில் போட்டு மீன் சந்தையிலோ பள்ளிவாசல் மதிலோரத்திலோ விட்டுவருகிறார்கள். கேட்டால், அந்தப் பெண் அவிழ்த்துவிடாததால்தானே தண்டிக்கப்பட்டாள், நாங்கள் விட்டுவிட்டோமே என்று அதே ஹதீஸைச் சான்று காட்டுகிறார்கள். வெளியே விடுவது, தன் இரையைத் தானே தேடும் வலிமை உள்ளதற்கு. எழுந்து நிற்க இயலாததை மீன் சந்தையில் விடுவது, அதைச் சாக நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்புவது. அத்துடன் தொற்று நோயையும் சந்தையிலுள்ள நூறு குட்டிகளுக்குப் பரப்பிவிட்டு வருகிறோம். இதை அறியாமல் செய்கிறார்கள் என்றே நல்லெண்ணம் கொள்கிறேன். அறிந்த பின் செய்யாதிருப்போம்.

அந்த வைரஸ் வீட்டில் ஓராண்டு வரை உயிர்ப்போடு கிடக்கும் என்றார் மருத்துவர். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது அசையாது. சீனியின் துணிகளை எரித்தோம். 32 பங்கு நீரில் ஒரு பங்கு ப்ளீச் திரவம் கலந்து, தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினோம். மகள் எவ்வளவு கெஞ்சியும் ஓராண்டு வேறு குட்டி கொண்டுவர நான் சம்மதிக்கவில்லை.

இவ்வாண்டுப் பெருநாளுக்குப் பின் ஒன்று வந்திருக்கிறது. எட்டு வாரக் குட்டி. அதற்கு முதல் தடுப்பூசியை மருத்துவரின் இடத்திலேயே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். பதினாறு வாரம் ஆகும் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டுமாம். வெறிநோய்த் தடுப்பூசி தனி. குறித்துத் தந்த அட்டையை மகள் தன் குர்ஆன் வகுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் தர மறுக்கிறாள்.