கடற்கரைச் சாலையில் கடல் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசரம் என்றால் திண்டிவனம் வழி, கண் குளிரப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தச் சாலைக்கு இப்போது என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகள் குடும்பம் திருவான்மியூரில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது இந்தச் சாலையில் அரசுப் பேருந்தில் போய் வருகிறேன். திரும்பும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம். முட்டுக்காட்டில் கழிமுகம், கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம், இடைக்கழிநாட்டில் ஓதியூர் ஏரி, மரக்காணத்தில் கண் கூசும் உப்பளங்கள் என்று ஒவ்வொன்றாக வரும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ரயிலில் போனால் விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். கடலோர ரயில் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே நிற்கிறது. ஆகவே சாமானியருக்குக் கடலைக் காட்டிக்கொண்டு போகும் ஒரே வழி இந்தச் சாலைதான்.

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை இது நான்கு வழிச் சாலையாக விரிவாக்கப்படுகிறது. அந்தப் பணியையே நான் எதிர்க்கவில்லை. எதிரெதிரே வரும் வண்டிகள் முட்டிக்கொண்டு எத்தனை குடும்பங்கள் இந்தச் சாலையில் அழிந்தன என்பது கரையோர ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். விபத்து குறைய வேண்டும். என் கேள்வி வேறு. வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்குத் திண்டிவனம் வழியாக நான்கு வழிச் சாலை பல ஆண்டுகளாக இருக்கிறது. கடலோரச் சாலையையும் வேகத்தை மட்டுமே மனத்தில் வைத்து ஏன் திட்டமிட வேண்டும்? அதன் ஓரத்தில் வாழ்கிறவர்களும், அதன் வழியே போகும்போது நிலத்தைப் பார்க்க விரும்புகிறவர்களும் யார் கணக்கில் வருகிறார்கள்?

போன மாதம் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, பகல் பன்னிரண்டு மணிக்குப் பேருந்துக்கு நின்றேன். நிறுத்தம் என்று சொல்லப் பலகை இல்லை, கூரை இல்லை. தோண்டிப் போட்ட செம்மண் மேட்டின் ஓரத்தில், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டிருந்தார். வெயில் பட்டு மீன் கெட்டுவிடக் கூடாதென்று கூடைமேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, கையிலிருந்த பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. "இங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சும்மா. அதான் எங்களுக்கு ஸ்டாப்பு. மரத்துக்கிட்ட நிறுத்துன்னா டிரைவருக்குத் தெரியும். இப்ப எதைச் சொல்லி நிறுத்தச் சொல்றது?" என்றார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேருந்துகள் எங்களைக் கடந்து போயின. மூன்றாவது நின்றது.

வேம்பு மட்டும் போகவில்லை. பனைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அந்த மாநில அரசே அறிவித்தது. தன் கொல்லையில் நிற்கும் ஒற்றைப் பனையை வெட்டக்கூட ஒரு விவசாயி மனுப் போட வேண்டும். அப்படியிருக்க, சாலைக்காக வரிசை வரிசையாகச் சாய்ந்த மரங்களுக்கு ஈடாக எத்தனை நடப்பட்டன, எங்கே நடப்பட்டன, அவற்றில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? கிராமம் வாரியாகப் பலகையில் எழுதி வைக்கச் சொல்கிறேன். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

விரிவாக்கிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இதே சாலையில் அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை ஏற்கெனவே நான்கு வழிதான். அந்தப் பகுதியில் பேருந்திலிருந்து கடலைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும். முட்டுக்காடு பாலத்தை விட்டால் சுற்றுச்சுவரும், இரும்புக் கதவும், விடுதிப் பெயர்ப் பலகையும்தான் தெரிகின்றன. கடல் சில நூறு மீட்டரில் இருக்கிறது. அதற்குப் போகும் பாதை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போவதற்குக் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுவர்கள் இன்னும் அவ்வளவாக எழவில்லை. எழுந்த பிறகு வழக்குப் போட்டு அலைவதைவிட, இப்போதே அந்தப் பாதைகளை அளந்து கல் நட்டு வைப்பது சுலபம்.

தெற்கே காப்பாற்ற என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். கடப்பாக்கத்துக்குக் கிழக்கே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை. மரக்காணத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் நன்னீரும் கடல்நீரும் கலந்து கிடக்கும் நிலம் அது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். இவற்றுக்கெல்லாம் பேருந்தில் வருகிற ஒருவர் எங்கே இறங்குவது, எப்படிப் போவது என்று சொல்ல ஆள் இல்லை. காரில் வருகிறவர்கள்கூடச் சாலையோரம் ஆபத்தாக நிறுத்திவிட்டுத்தான் உப்பளத்தைப் படம் எடுக்கிறார்கள்.

அந்த உப்பளங்களில் வேலை செய்கிறவர்களையும் நினைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் இருட்டோடு வந்துவிடுகிறார்கள். நீண்ட கம்பில் பூட்டிய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை இழுத்துக் குவித்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பின் மேல் நடந்து வருகிறார்கள். இருபுறமும் உப்பளம் இருப்பதால் அவர்கள் நாளைக்கு எத்தனையோ முறை சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. நடுவே தடுப்புச்சுவர் எழுப்பி, வண்டிகளின் வேகத்தையும் கூட்டிவிட்டால் அவர்கள் எங்கே கடப்பார்கள்? விபத்தைக் குறைக்கத்தான் இந்த விரிவாக்கம் என்றால், நடந்து கடக்கிறவர்களின் உயிரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

வகுப்பில் சிறுபாணாற்றுப்படை நடத்திய காலத்தில் மாணவர்களிடம் ஒன்றைத் தவறாமல் சொல்வேன். ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அதைப் பாடிய நத்தத்தனார் இதே இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அவர் சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணப் பகுதி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தக் கடற்கரை வழியை அவர் பாணனுக்குச் சொல்லும்போது தாழையும் செருந்தியும் முண்டகமும் புன்னையும் பூத்திருப்பதைச் சொல்லித்தான் அனுப்புகிறார். மரத்தை வைத்து வழி சொல்வது இந்தக் கரையின் பழைய வழக்கம். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா பேசியதும் அதே பேச்சுதான்.

சாலைப் பணிக்குப் பொறுப்பானவர்களும், செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்ட நிர்வாகங்களும், புதுச்சேரி அரசும் இவற்றைச் செய்ய வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய மரங்களுக்கு ஈடாகப் பனை, வேம்பு, புன்னை, பூவரசு போன்ற இந்த மண்ணின் மரங்களைச் சாலையின் ஓரத்திலேயே நட்டு, மூன்று கோடையாவது தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். பழைய நிறுத்தம் ஒவ்வொன்றிலும் கூரை போட்டு, அங்கே பேருந்துகள் நின்று போக உத்தரவிட வேண்டும். உப்பளத்திலும் ஊர்களிலும் மக்கள் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்ய வேண்டும். ஓதியூர் ஏரிக்கரையிலும் மரக்காணத்திலும் வண்டிகள் ஒதுங்கி நிற்க இடமும், உட்கார நிழலும் வேண்டும். கடலுக்குப் போகும் ஒவ்வொரு பொதுப் பாதையையும் இப்போதே பதிவு செய்து பலகை வைக்க வேண்டும்.

பணி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். தார் போட்டு, சுங்கச்சாவடி திறந்து, ரிப்பன் வெட்டிய பிறகு மரத்துக்கும் நிழலுக்கும் இடம் கேட்டால், இடமில்லை என்பதுதான் பதிலாக வரும். முதல் கூரையை அந்த வேப்பமரம் நின்ற இடத்தில் போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வேப்பங்கன்றும் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.