ஏலத்தில் போன கடிகாரம் சரியாக மணி காட்டுமா?



2019-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் ஒரு கைக்கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. பட்டேக் பிலிப் என்னும் நிறுவனம் அந்த ஏலத்துக்கென்றே உருக்கில் ஒன்றே ஒன்றாகச் செய்தது அது. முடிவில் 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலை போயிற்று. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 220 கோடி ரூபாய்! அதுவரை ஏலத்தில் எந்தக் கைக்கடிகாரமும் இந்த விலையைத் தொட்டதில்லை. தொகை தசைநலிவு நோய் ஆராய்ச்சிக்குப் போனது, அது பாராட்டத்தக்கதே.

இத்தனை கோடி பெறும் கடிகாரம் எத்தனை துல்லியமாக மணி காட்டும் என்று நீங்கள் வியக்கலாம். கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் இந்த வேலையில் அதை எளிதாகத் தோற்கடித்துவிடும்! ஏன் என்று பார்ப்போம்.

ஏலத்தில் போனது சாவி கொடுத்து ஓடும் கடிகாரம். சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு விற்சுருள் இறுகுகின்றது. அது தளரும் விசை பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. தடையின்றி விட்டால் சக்கரங்கள் விர்ரென்று ஓடி நின்றுவிடும். அதைத் தடுக்க நங்கூரம் போன்ற சிறு நெம்புகோல் ஒன்று கடைசிச் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக விடுகின்றது. ‘டிக் டிக்’ என்பது இந்தப் பிடியின் ஒலியே. எப்போது விடவேண்டும் என்று ஆணையிடுவது, மயிரிழை போன்ற மற்றொரு சுருளின் துணையால் இருபுறமும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரம். பழைய கடிகாரங்கள் பலவற்றில் இது நொடிக்கு 5 முறை அடிக்கும். நாளொன்றுக்கு எத்தனை? 86,400-ஐ 5-ஆல் பெருக்கிப் பாருங்கள். 4,32,000!

இந்தச் சுருளுக்குப் பகைவர்கள் பலர். வெப்பம் ஏறினால் சாதாரண உருக்குச் சுருளின் விறைப்பு குறைந்து கடிகாரம் பின்தங்கும். வெப்பத்தால் அதிகம் மாறாத நிக்கல்-உருக்குக் கலவைகளை ஆராய்ந்த சுவிஸ் அறிஞர் சார்லஸ் எடுவர்ட் கீயோம் 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அத்தனை அறிவு சேர்ந்தும், நல்ல சாவிக் கடிகாரம்கூட நாளொன்றுக்குச் சில நொடிகள் முன்னோ பின்னோ போகும். 4 நொடி என்றே வைத்துக்கொண்டால், அது 21,600-இல் ஒரு பங்குப் பிழை. கையால் செய்த இயந்திரத்துக்கு இது பெரும் சாதனை. ஆனால் இதுவே அதன் எல்லையும்கூட.

குவார்ட்ஸ் கடிகாரத்திலோ மின்கலத்தால் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இந்த எண்ணை இரண்டால் 15 முறை வகுத்துப் பாருங்கள், ஒன்று வரும். அதாவது, நொடிக்கு ஒரு துடிப்பு. இதன் பிழை மாதத்துக்கே சில நொடிகள்தாம். 1969 டிசம்பரில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் இவ்வகையில் முதல் கைக்கடிகாரத்தை விற்றபோது விலை 4,50,000 யென். ஒரு சிறு கார் வாங்கும் பணம்! இன்று அதே அறிவியல் கூலித் தொழிலாளியின் மணிக்கட்டிலும் இருக்கின்றது. உயர்ந்த துல்லியம் எளியவருக்கும் கிட்டியதே உண்மையான வெற்றி என்பேன்.

அப்படியானால் 220 கோடி எதற்கு? இராஜபாளையத்தை அடுத்த எங்கள் தளவாய்புரத்தில் ஆயத்த ஆடைகள் தைக்கிறார்கள். துணி, நூல், தையல் கூலி, வண்டி வாடகை, சிறிது லாபம் எல்லாம் சேர்ந்ததே ஓர் ஆடையின் விலை. ஏலத்தில் இந்தக் கணக்கு இல்லை. பொருள் ஒன்றே, அதை விரும்பும் செல்வர் இருவர் இருந்தால் போதும். எவர் முதலில் கையை இறக்குகிறார் என்பதே விலையை முடிவு செய்கின்றது. இது பொருளின் அளவு அன்று; வாங்குவோர் ஆசையின் அளவு.

காந்தியடிகளின் சட்டைப்பைக் கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஜெனித் நிறுவனத்தின் அந்தக் கடிகாரமும், அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு முதலியனவும் 2009 மார்ச்சில் நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. ஆனால் அவருக்கு அது நேரம் தவறாமைக்கான கருவி. அந்தப் பழக்கத்தை எவரும் ஏலத்தில் எடுக்க முடியாது. நீங்கள் இன்றே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

சாவிக் கடிகாரத்தை இகழ்வது என் நோக்கம் அன்று. அதன் பெருமை விலைச்சீட்டில் இல்லை, உள்ளே இருக்கும் அறிவில் இருக்கின்றது என்பதே என் கருத்து. அந்த அறிவைக் காண ஜெனீவா செல்ல வேண்டியதில்லை. 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கியது. அதன் ‘ஜனதா’ கடிகாரம் எத்தனையோ தாத்தாக்களின் கையில் ஓடியது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மைய அரசு ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனால் அக்கடிகாரங்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்றிருந்தால் விலையுயர்ந்த மாணிக்கம் என்று மயங்காதீர்கள். அவை உராய்வையும் தேய்மானத்தையும் குறைப்பதற்காக அச்சு முனைகளைத் தாங்கும் செயற்கைக் கற்கள்.

அவற்றைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், பெற்றோர் அனுமதியுடன் எடுத்துச் சென்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேலன்ஸ் சக்கரம் ஊசலாடுவதை ஒருமுறை பார்த்தவர் சீரிசை இயக்கப் பாடத்தை மறக்கமாட்டார். ஓடும் கடிகாரம் என்றால் கைப்பேசி நேரத்துடன் சரிசெய்து, நாள்தோறும் ஒரே வேளையில் எத்தனை நொடி மாறுகின்றது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மறு வாரம் இரவில் அதைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துப் பாருங்கள். கணக்கு மாறினால் ஏன் என்று யோசியுங்கள்.

நுண்ணிய பல்லையும் சுருளையும் பழுதுபார்க்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் போனபின் அக்கலையை எந்த ஏலத்திலும் வாங்க இயலாது. கேட்டு அறிந்துகொள்ள உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கின்றது.