கூலிக்குக் கை வரும், மனம் வருமா?



அபிவிருத்தி வேலையில் இருப்பவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றது. "இந்தச் சனம் வேலை செய்யுதில்லை பாதர். நிவாரணம் வாங்கி வாங்கிப் பழகிப்போச்சு. நாங்கள் நிற்கும்வரை மண்வெட்டி அசையும். நாங்கள் போனதும் மண்வெட்டிக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு." இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வெயிலில் அலைந்து, அறிக்கை எழுதிக் களைத்தவர்கள். ஆயினும் அவர்கள் சொல்வது பாதி உண்மை மட்டுமே.

மறு பாதியைக் காண விரும்புபவர்கள் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டத்தன்று வந்து பார்க்கட்டும். சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிய அதே மனிதர்கள் அன்று வடம் பிடிக்கின்றார்கள். மேற்பார்வையாளர் இல்லை, வரவுப் பதிவேடு இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் தேர் நகர்கின்றது. ஏன்? தேர் அவர்களுடையது. அது எங்கே போகின்றது என்று அவர்களுக்குத் தெரியும். யாருக்கு எந்த இடம், எந்தக் குடிக்கு எந்தக் கடமை என்பது தெரியும். தான் பிடிக்காவிட்டால் தன் இடம் வெறுமையாக இருக்கும் என்பதும் தெரியும். கத்தோலிக்கக் குருவாகிய நான் அந்தத் தேரிடமிருந்து கற்றுக்கொண்டது இது: சனத்துக்கு வேலை செய்யத் தெரியும்; வேலை வாங்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

இதை மற்றவர்களுக்குச் சொல்லுமுன் என் தவறைச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களில் எங்கள் மாவட்டத்தை வெள்ளம் அழித்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2007 மார்ச்சில் குண்டுக்கு ஓடி வாவியைக் கடந்து, எழுவான்கரை முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து வேளாண்மை செய்யத் தொடங்கிய குடும்பங்களுக்கு அது இரண்டாவது இடி. அதன் பின் ஒரு கிராமத்தில் 'வேலைக்குப் பணம்' திட்டத்தின் கீழ் வாய்க்கால் ஒன்றைத் திருத்தினோம். வரைபடம் என் கையில் இருந்தது. செலவுக் கணக்கு முன்பே ஒப்புதல் பெற்றிருந்தது. கொடையாளர் பெயர் எழுதிய பலகையும் தயாராக இருந்தது. சனம் வந்தது, வெட்டியது, கையொப்பமிட்டது, பணம் பெற்றது. படம் எடுத்தோம்.

அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, புல்தான் இருந்தது. அங்கே நின்ற முதியவர் ஒருவரிடம், "உங்கள் வாய்க்காலை இப்படி விடலாமா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அது உங்கட வாய்க்கால் பாதர். நாங்க வெட்டித் தந்தம், சம்பளம் எடுத்தம். அந்த மேட்டுல தண்ணி ஏறாதெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். "அப்படியானால் சொல்லியிருக்கலாமே?" என்றேன். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பம்" என்றார்.

அந்த ஒரு வரி என்னை இன்றும் சுடுகின்றது. நாற்பது வருடம் அந்த வட்டையில் தண்ணீர் கட்டிய மனிதரின் அறிவை நான் ஒரு நாட்கூலிக்குக்கூட வாங்கவில்லை. கையை மட்டும் வாங்கினேன். கை வந்தது, மனம் வரவில்லை.

எங்களுக்கு அருகிலேயே இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு வேலை உண்டு. கல்லோயா என்றதும் தமிழர்களாகிய எங்களுக்கு 1956 யூன் மாத வன்முறையும், குடியேற்றத்தின் கசப்பும் நினைவுக்கு வரும். அந்தக் கசப்பை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே கல்லோயா இடதுகரையில் 1980களில் நடந்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அன்று அது நாட்டின் மிகவும் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டங்களுள் ஒன்று. மேல்மடையில் இருந்தவர்கள் சிங்கள விவசாயிகள். கடைமடையில் பலர் தமிழர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருவது அரிது. வாய்க்கால்கள் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யப்படவில்லை. விவசாயிகள் ஒத்துழைக்கமாட்டார்கள் என்பதே அதிகாரிகளின் முடிவாக இருந்தது.

கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981இல் படித்த இளைஞர், யுவதிகளை அமைப்பாளர்களாக அந்தக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் வரைபடத்தோடு போகவில்லை. கிராமங்களிலேயே தங்கி, வீடு வீடாகப் போய், "உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை? நீங்களே செய்யக்கூடியது எது?" என்று கேட்டார்கள். ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களைக் கூடிப் பேச வைத்தார்கள். முதலில் வேலை, தலைவர், செயலாளர், யாப்பு எல்லாம் பிறகு. பிரதிநிதியை வாக்கெடுப்பால் அன்றி, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதமாகத் தெரிந்தார்கள்.

அந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் குறைவு. சண்டை வரும் என்று பயந்த காலம். ஆனால் சில கிழமைகளுக்குள் விவசாயிகள் தாங்களாகவே வாய்க்கால்களைத் துப்புரவு செய்தார்கள், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சப்படுத்திய தண்ணீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். இனக்கலவரத்தால் நாடு எரிந்த அந்த ஆண்டுகளில் இது நடந்தது. பொறியியலாளர்களின் மனமும் மாறியது. குறைசொல்லும் கூட்டம் என்று எண்ணியவர்களைக் கூட்டாளிகளாகக் காணத் தொடங்கினார்கள். இவற்றையெல்லாம் நேரில் கண்ட கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப் 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். பின்னர் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது.

கல்லோயா விவசாயிகள் இரவோடிரவாகப் புனிதர்களாகவில்லை. அதே மனிதர்கள், அதே வாய்க்கால். கேட்கும் முறை மாறியது, அவ்வளவுதான்.

எங்கள் மட்டக்களப்பு வயல்களிலும் முகாமையாளர்கள் இருந்தார்கள். முல்லைக்காரன் என்றோம். போடியாருக்கும் வயற்காரருக்கும் இடையில் நின்றவர் அவர். நல்ல முல்லைக்காரர் வரம்பில் குடை பிடித்து நிற்பதில்லை. சேற்றில் முதற்கால் வைப்பார். எவனுக்கு வரம்பு கட்டும் கை, எவளுக்குக் களை தெரியும் கண் என்று அறிந்து வேலை பிரிப்பார். களவெட்டியில் பொலி குவிந்தபோது எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். தன் வியர்வை என்ன ஆனது என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் கண்டார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். போடியாரின் கடனில் தலைமுறைகளாகக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களும் இருந்தன; சாதியின் பெயரால் களத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த அநீதி திரும்பி வரக்கூடாது. ஆனால் ஆளை அறிந்து வேலை தரும் பண்பு திரும்பி வரவேண்டும்.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றிய திருமடலில், தொழிலாளி வாழப் போதுமான கூலி நீதியின் கடன் என்று கற்பித்தார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதத் தொழில் பற்றிய தமது திருமடலில் இன்னும் ஒரு படி ஆழமாகச் சென்றார்: வேலைக்காக மனிதன் அல்ல, மனிதனுக்காகவே வேலை. ஒரு வேலையின் பெருமை அது என்ன வேலை என்பதில் இல்லை, அதைச் செய்பவர் மனிதர் என்பதில் இருக்கின்றது. நாசரேத்தில் தச்சுவேலை செய்த ஒருவரைக் கடவுள் என்று வணங்கும் நாங்கள் இதை மறக்கலாமா?

சுபெயின் நாட்டு பாஸ்க் பகுதியில் ஒரு குரு இருந்தார், ஒசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா. உள்நாட்டுப் போரால் சிதைந்த மொந்திரகோன் என்ற சிற்றூருக்கு 1941இல் வந்தார். 1943இல் சிறிய தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கு படித்த ஐவர் 1956இல் தொழிலாளரே உரிமையாளராக இருக்கும் ஆலையை அமைத்தார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. இன்று அது பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குழுமம். அங்கும் எல்லாம் இனிப்பல்ல. 2013இல் அதன் பழைய, பெரிய நிறுவனங்களுள் ஒன்று முறிந்துபோனது. எனினும் போரில் நொந்த மக்களால் முடியாது என்று சொல்பவர்களுக்கு அது ஒரு பதில்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'பங்கேற்பு', 'உங்கள் கிராமம், உங்கள் வேலை' என்று இனிக்கப் பேசி இலவசமாக வேலை வாங்குபவர்களும் உண்டு. வீட்டுக்குக் கூரை இல்லாதவனை வாரந்தோறும் சிரமதானத்துக்கு அழைப்பது பங்கேற்பு அல்ல, சுரண்டல். வேலையில் மனநிறைவு என்பது கூலிக்குப் பதிலீடு ஆகாது. முதலில் நீதியான கூலி, சொன்ன நாளில் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதற்கு மேல்தான் மற்றவை. வயிறு காய்ந்தவனிடம் வேலையின் அர்த்தம் பேசுவது பாவம்.

அப்படியானால் வேலை தருபவர்கள் செய்ய வேண்டியது என்ன? வரைபடத்துக்கு முன் கேள்வி வரட்டும். வட்டைவிதானையையும், தண்ணீர் அள்ளும் பெண்களையும் முதல் நாளே கேளுங்கள். இந்த வேலை எதற்கு, எவ்வளவு பணம், எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழில் எழுதி மக்கள் காணும் இடத்தில் வையுங்கள். ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டினால் அடுத்த பட்டியலில் அவர் பெயரை வெட்டாதீர்கள். அவர்தான் உங்கள் மிகச் சிறந்த ஊழியர். ஆட்களைப் பெயர் சொல்லி அழையுங்கள், 'பயனாளி' என்று அல்ல. வேலை முடிந்ததும் பலகை நடுமுன், செய்தவர்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடினால் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஓடாவிட்டால் உங்கள் தவறை ஒப்புக்கொள்ளுங்கள்.

வாசகர்களாகிய உங்களுக்கும் ஒன்று. முகாமையாளர் என்றால் கதிரையில் இருப்பவர் மட்டும் அல்லர். கமக்காரர் அமைப்பின் செயலாளர், மாதர் அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர், அறுவடைக்கு நாலு பேரைக் கூப்பிடும் அண்ணன் எல்லோரும் வேலை வாங்குபவர்களே. நேற்று எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்று வருந்தும் நாம், இன்று எங்கள் சங்கத்தில் விதவையான அக்காவைக் கேட்காமல் முடிவெடுக்கின்றோமா? கணக்கைக் காட்டுகின்றோமா? மேலிருப்பவரிடம் கேட்கும் நீதியைக் கீழிருப்பவருக்குக் கொடுக்கும்போதுதான் எங்கள் கேள்விக்குப் பலம் வரும்.

இறுதியாக ஒன்று. இந்த மண்ணில் வேலை என்ற சொல்லுக்கு இரத்த வாடை உண்டு. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் வேலைக்குப் போன இளைஞர்கள் வீடு திரும்பவில்லை. மாதச் சம்பளத்தோடு வீட்டை நிமிர்த்தலாம் என்று போனவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் இங்குள்ள தாய்மார் விளக்கேற்றுவது 'ஊழியர் இத்தனை பேர்' என்ற எண்ணிக்கைக்கு அல்ல. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெயர் உண்டு. இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைக்கும் மண்ணில், உயிரோடிருந்து மண்வெட்டி தூக்குபவரைத் 'தலைக்கு இவ்வளவு' என்று எண்ணுவது எவ்வளவு பெரிய அவமதிப்பு!

அந்த வாய்க்காலைச் சில ஆண்டுகளின் பின் மறுபடியும் வெட்டினோம். இம்முறை அந்த முதியவர் முன்னே நடந்து, தடியால் மண்ணில் கோடு கீறினார். நான் பின்னே நடந்தேன். கோடு எங்கள் வரைபடத்துக்குப் பொருந்தவில்லை, வரைபடத்தைத் திருத்தினோம். இன்று அங்கே தண்ணீர் போகின்றது. மாரி தொடங்குமுன் யாரும் சொல்லாமலே அதைத் துப்புரவு செய்கின்றார்கள். கொடையாளர் பலகை எப்போதோ சரிந்து விழுந்துவிட்டது. அதை எடுத்து நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.