மழை விட்டதும் கதவைத் திறப்போம்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ் மரபில் கூதிர்காலம். குளிர்நாடுகளில் இலைகள் பழுத்து உதிரும் இதே மாதங்களில் நம் மண்ணில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மழை தொடங்கியதும் பல வீடுகளில் சிறு குழந்தைகளுக்கு வாசற்கதவு அடைபட்டுவிடுகிறது. ஈரத்தில் நின்றால் சளி பிடிக்கும், மண்ணைத் தொட்டால் காய்ச்சல் வரும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மழைக்காலம் முடியும்வரை குழந்தையை வெளியே விடாதிருப்பதே நல்லது எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். அதை நாங்கள் ஏற்கவில்லை.

சளியை உண்டாக்குபவை வைரஸ் கிருமிகள். சன்னல்களை அடைத்த அறையில் பலர் நெருங்கியிருக்கும்போது அவை எளிதில் பரவுகின்றன. ஆகவே, வீட்டுக்குள் அடைத்து வைப்பது சளிக்குக் காப்பாகாது. அடைபட்ட குழந்தையின் கைக்குப் பெரும்பாலும் கைபேசியே வந்து சேர்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் 180 நிமிடமேனும் உடலை அசைத்து இயங்க வேண்டும். திரைமுன் அமர்வது ஒரு மணிநேரத்தைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. மழை மாதங்களுக்கு அதில் விலக்கு இல்லை.

மழை விட்ட முற்றத்தில் ஒரு குழந்தை கற்பவற்றை எண்ணிப் பாருங்கள். ஓடும் நீரில் வேப்பிலை மிதக்கிறது; கூழாங்கல் மூழ்குகிறது; கொட்டாங்குச்சியோ மிதந்து சென்று, நீர் புகுந்ததும் மூழ்கிவிடுகிறது. ஏன் என்று வாய் கேட்குமுன் கை மறுமுறை செய்து பார்க்கிறது. குச்சியால் மெல்லத் தொட்டால் மரவட்டை சுருள்கிறது. பொறுத்திருந்தால் மீண்டும் நகர்கிறது. அந்தக் காத்திருப்பில் பொறுமையும் பிற உயிர்மீது பரிவும் பிறக்கின்றன. ஈரமண்ணைப் பிசையும் விரல்கள் நாளை எழுதுகோலைப் பிடிக்க வலுப்பெறுகின்றன. தூறல் எது, சாரல் எது என்ற வேறுபாடும் மழையைக் கண்ட இடத்தில்தான் மனத்தில் பதிகிறது.

கண்ணுக்கும் இதனால் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கச் செய்தனர். மூன்றாண்டுகளில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றப் பள்ளிகளிலோ 39.5 விழுக்காட்டினருக்கு வந்தது. 2015இல் வெளியான ஆய்வு இது. மேகம் மூடிய பகலிலும் வெளியொளி அறை விளக்கைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதை நினைவில் கொள்க.

அஞ்ச வேண்டியவை வேறு உள்ளன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். முழுக்கைச் சட்டை அணிவியுங்கள். தேங்கிய அழுக்கு நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அதில் இறங்க விடாதீர்கள். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே நுழையும், செருப்பின்றி விடாதீர்கள். இடி கேட்டதும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். விளையாடி முடித்ததும் சோப்பால் கைகால் கழுவுவியுங்கள். கார்த்திகையில் மலரும் செங்காந்தள் அழகியது; ஆயினும் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. அரளியும் ஊமத்தையும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றைக் குழந்தை தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அச்செடியின் ஒரு துண்டுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆஸ்துமா உள்ள குழந்தைகளும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து பெறும் குழந்தைகளும் மண்ணில் ஆடுமுன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கு மண் விளையாட்டு இப்போது தடுக்கப்படலாம். அப்போதும் சன்னலோரத்தில் அமர்த்தி, மழையையும் பறவைகளையும் காட்டிப் பேசலாம். இங்கே ஒரு பிள்ளையின் படுக்கையருகே நீங்கள் காத்திருக்க, வீட்டில் நலமாயுள்ள மற்றொரு பிள்ளை உறவினர் பொறுப்பில் அடைபட்டுக் கிடக்கலாம். அப்பிள்ளையின் நினைவும் நமக்கு வேண்டும்.

அதற்குக் காடும் பூங்காவும் தேவையில்லை. வாசலும் ஒரு மரமும் உடன் நிற்க ஒரு பெரியவரும் போதும். இன்று மழை விட்டதும் அரைமணி நேரம் அக்கதவைத் திறந்து வைக்குமாறு வீட்டிலுள்ளோரிடம் சொல்லுங்கள்.