காலடியில் ஒரு 'கிர்ர்'!

நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கும் காது, சங்கீத வித்துவான்களுக்குக்கூட இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். "உளுந்து பதமாகிவிட்டது, போய்க் கிரைண்டரை நிறுத்து" என்று உத்தரவு பிறக்கும். எட்டிப் பார்க்கவே வேண்டாம். கல் சுற்றுகிற சத்தம் மாறியதே போதும். குக்கர் எத்தனை விசில் கொடுத்தது, கொல்லைக் குழாயைச் சரியாக மூடாமல் வந்தது யார் என்பதெல்லாம் அவர்களுக்குக் காதாலேயே தெரிந்துவிடும்.

அதே காது மோட்டார் காரில் ஏறி உட்கார்ந்து, "ஏதோ சத்தம் கேட்கிறதே!" என்று சொன்னால் மட்டும் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. இந்த வாரம் அந்த அநியாயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்கா தாம்பரத்தில் இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டில் 11 வருஷத்துக் கார் ஒன்று உண்டு. காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடுகிற ரகம். அத்தான் மின்சார ரயிலில் ஆபீஸுக்குப் போய்விடுவார். ஆகவே கார் அக்காவின் பொறுப்பு. பள்ளிக்கூடம், மார்க்கெட், எல்லாம் அதில்தான். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட மாமியாரை வாரத்தில் 2 நாள் நடைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். பாவம், அந்த அம்மாளுக்கு ஆட்டோவில் காலை மடக்கி ஏற முடியாது.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: "என்னங்க, கிளட்சை மிதிச்சா 'கிர்ர்'ன்னு ஒரு சத்தம் வருது. காலை எடுத்தா நின்னு போயிடுது."

ஞாயிற்றுக்கிழமை அத்தான் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "எனக்கு ஒண்ணும் கேட்கலியே! எல்லாம் உன் பிரமை. ரேடியோவைப் போட்டுக்கோ, சரியாப் போயிடும்" என்றார்.

ரேடியோ பாடியது. அதற்கு அடியில் 'கிர்ர்' சுருதி போட்டுக்கொண்டே இருந்தது. 2 மாதம் கழித்து, தெருவில் போகிறவர்களுக்கே கேட்கும்படி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அத்தான் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கிருந்த பையன் பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் தலையை நுழைத்துப் பார்த்தான். "கியர் பாக்ஸ் போச்சு, சார்!" என்று தீர்ப்புச் சொன்னான். அவன் கேட்ட தொகை அக்காவின் ஒன்றரை மாதச் சம்பளம்.

அத்தான் வீட்டுக்கு வந்தார். "எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்! இனிமே காரைத் தொடாதே. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்" என்று சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரம் மாமியாரின் பயிற்சி 2 நாளும் நின்று போயிற்று.

அக்கா எனக்கு டெலிபோன் செய்தாள். அழவில்லை. ஆனால் குரல் அழுகைக்கு அடுத்த வீட்டில் இருந்தது. "ஏண்டா, பத்திரிகைக்காரன்னு பேரு, ஊரெல்லாம் தெரியும்கிறியே! உண்மையிலே கியர் பாக்ஸ்தான் போச்சா, நான்தான் கெடுத்தேனா, யாரையாவது கேட்டுச் சொல்லேன்."

எங்கள் காரியாலயத்துக்குப் பின் தெருவில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நடத்துகிற மேஸ்திரிக்கு 70 வயது தாண்டிவிட்டது. அவரிடம் சொன்னேன். "தாம்பரத்திலேதான் மக வீடு. ஞாயித்துக்கிழமை வரேன் தம்பி" என்றார். சொன்னபடி வந்தார்.

அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உட்காரப் போனார். மேஸ்திரி தடுத்தார். "நீங்க இருங்க சார். சத்தத்தை முதல்லே கேட்டவங்க உட்காரட்டும்."

அக்கா உட்கார்ந்தாள்.

"எஞ்சினைப் போட வேண்டாம்மா. வெறுமனே கிளட்சை மிதிச்சு விடுங்க."

மிதித்தாள். சத்தம் இல்லை. "எஞ்சின் ஓடாதப்பவே கிறீச்சுன்னா பெடலோட கீலு, இல்லே கேபிளு. பெரும்பாலும் கொஞ்சம் கிரீஸோட போயிடும். அது இல்லே. இப்போ ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரல்லே வெச்சு, எஞ்சினைப் போடுங்க. காலைக் கிளட்சிலே வைக்காதீங்க."

எஞ்சின் ஓடிற்று. விசேஷமாக ஒன்றும் கேட்கவில்லை.

"இப்போ மெதுவா மிதிங்க."

பெடல் கொஞ்சம் இறங்கியதுமே 'கிர்ர்ர்!' காலை எடுத்தாள், நின்றது. மறுபடி மிதித்தாள், மறுபடி 'கிர்ர்ர்!'

"போதும்மா. கியர் பாக்ஸ் இல்லே. ரிலீஸ் பேரிங்" என்றார் மேஸ்திரி. "கியர் பாக்ஸ் பேரிங்கா இருந்தா நேர்மாறா இருக்கும். காலை எடுத்திருக்கிறப்போ சத்தம் வரும். முழுசா மிதிச்சா அடங்கிடும்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் ரேடியோவைப் பார்த்தார்.

அது என்ன ரிலீஸ் பேரிங்? எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 800 தடவை சுற்றுகிறது. அந்தச் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டு சேர்ப்பது கிளட்ச் பிளேட். வலுவான ஸ்பிரிங் ஒன்று அதை எஞ்சினோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறது. கியர் மாற்றும்போது அந்தப் பிடி விட வேண்டும். அதற்காகத்தான் நாம் மிதிக்கிறோம். ஆனால் நம் கால் சுற்றுவதில்லை. ஸ்பிரிங்கோ எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. சுழல்கிற பம்பரத்தின் தலையில் விரலை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? விரல் தேயும், பம்பரமும் நிற்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானத் தூதர் வேண்டியிருக்கிறது. கைக்கு அடக்கமான ஒரு வளையம். உள்ளே எஃகுக் குண்டுகள். ஒரு பக்கம் சுற்றாமல் நிற்கும். மறு பக்கம் ஸ்பிரிங்கோடு சுற்றும். அவர்தான் ரிலீஸ் பேரிங். பிறக்கும்போது உள்ளே அடைத்த கிரீஸ்தான் அவருக்கு ஆயுசு முழுவதற்கும். அது காய்ந்தால் குண்டுகள் உராய்கின்றன. மிதிக்கும்போது பாரம் ஏறுவதால் முனகுகிறார்.

மேஸ்திரி இன்னொரு பழைய சங்கதியும் சொன்னார். 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் போன்ற ஆங்கிலக் கார்களில் குண்டுகளே கிடையாதாம். பென்ஸில் முனைக்கு உதவுகிறதே கிராஃபைட், அதில் ஒரு வளையம், அவ்வளவுதான். மிதிக்க மிதிக்க அது தேய்ந்துகொண்டே வரும். "அந்தக் காரிலே வேலை கத்துக்கிட்டப்போ, கிளட்ச் மேலே சும்மா காலை வெச்சா எங்க வாத்தியார் முட்டியிலே ஸ்பானராலே ஒண்ணு போடுவாரு" என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே குனிந்து, கிளட்ச் பெடலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "கொஞ்சங்கூடப் பிளே இல்லியே! இதை யாரு இப்படி முறுக்கினது?"

அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போன வருஷம்... பெடல் கொஞ்சம் லொடலொடன்னு இருந்தது. நான்தான் டைட் பண்ணச் சொன்னேன்."

"அந்த லொடலொடதான் சார் பேரிங்குக்கு ஓய்வு! காலை எடுத்தா பேரிங் விலகி நிக்கணும். நீங்க முறுக்கினதிலே அது ராப்பகலா ஒட்டிக்கிட்டே சுத்தியிருக்கு."

கேபிள் வைத்த கார்களில் பெடல் முதலில் கொஞ்ச தூரம் பாரமில்லாமல் இறங்க வேண்டும். பலவற்றில் இது 10 மில்லி மீட்டரிலிருந்து 30 மில்லி மீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு காரோடு கொடுக்கும் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. எல்லாக் கார்களும் இப்படி அல்ல. எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் கிளட்சுகள் பலவற்றில் பேரிங் எப்போதும் லேசாக ஒட்டியே சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். அவற்றில் காலை எடுத்திருக்கும்போது கேட்கும் கடகடப்பு, பெடலை இலேசாகத் தொட்டதும் மறைந்தால், அதுவும் இந்தப் பேரிங்கின் வேலையாக இருக்கலாம். ஆகவே சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்துச் சொல்வது நம் பங்கு. முடிவு சொல்வது விவரம் தெரிந்தவர் பங்கு.

அக்காவின் முகத்தில் வெற்றிக் களை வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி அவளையும் விடவில்லை.

"அம்மா, கியர் மாத்தாம நேரா போயிட்டிருக்கீங்க. இடது கால் எங்கே இருக்கும்?"

அக்கா யோசித்தாள். "கிளட்ச் மேலேதான்..."

"சிக்னல்லே?"

"முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதிச்சபடியே நிப்பேன். பச்சை விழுந்தா பின்னாடி இருக்கிறவங்க ஹாரன் அடிக்கிறாங்களே!"

"பேரிங்குக்கு வேலையே நீங்க மிதிக்கிற நேரந்தான். சிக்னல்லே நியூட்ரல் போட்டுக் காலை எடுங்க. ஓட்டுறப்போ காலைப் பக்கத்திலே தரையிலே வைங்க. ஒருத்தர் முறுக்கினாரு, ஒருத்தர் மிதிச்சீங்க. இதிலே ஒருத்தரை ஒருத்தர் என்ன சொல்றது?"

கூடத்திலிருந்து மாமியார், "நன்னாச் சொன்னேள்!" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாளின் காதும் லேசுப்பட்டதல்ல.

அத்தானுக்கு ஓர் ஆசை. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டினா என்ன?" என்றார்.

"ஓடும் சார். சில வண்டி மாசக்கணக்கிலே ஓடும். ஆனா என்னிக்குன்னு சொல்லாம பேரிங் இறுகிடும், இல்லே உடைஞ்சிடும். உடைஞ்சா ஸ்பிரிங்கோட விரல்களையும் தின்னுடும். அப்புறம் கிளட்சை மிதிச்சாலும் கியர் விழாது. ஆத்தாவை வெச்சுக்கிட்டு நடு ரோட்டிலே நிக்கணுமா?"

அத்தான் அதற்குமேல் பேசவில்லை.

இனிச் செலவு விஷயம். பேரிங் மட்டும் என்றால் பல கார்களுக்குப் பெரிய விலை இல்லை. ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் கியர் பாக்ஸையே கீழே இறக்கியாக வேண்டும். கூலியின் பெரும் பங்கு அதற்குத்தான். ஆகவே இறக்கின கையோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஜோடியாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, 6 மாதத்தில் பிளேட்டுக்காக மறுபடியும் இறக்கினால், ஒரே கூலியை இரண்டு தடவை கொடுத்ததாகும். எஞ்சின் பின்புற ஆயில் சீல் கசிகிறதா, பேரிங்கைத் தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்ல வேண்டும். மாற்றின பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படக் கூடாது. இத்தனையும் சேர்ந்தும், அக்காவுக்கு ஆன செலவு அந்தப் பையன் சொன்னதில் பாதிகூட இல்லை.

வேலை முடிந்த அன்று மேஸ்திரி பழைய பேரிங்கை அக்காவின் காதருகே கொண்டுபோய்க் கையால் சுற்றிக் காட்டினார். கரகரவென்று மணல் அரைத்தது. புதியதைச் சுற்றினார். மூச்சுக்கூட விடவில்லை.

இப்போது சாவி பழையபடி கூடத்து ஆணியில் தொங்குகிறது. மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். கைத்தடியை விட்டுவிட்டு நாலு எட்டு நடக்கிறாராம். பழைய பேரிங் அக்காவின் மேஜையில், திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் போயிருந்தேன். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்கா, "என்னங்க, மிக்ஸியிலே ஏதோ சத்தம் வருதே" என்றாள்.

அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "எப்போ வருது? போட்ட உடனேயா, ஓட ஓடவா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனார்.