மகிழுந்தைப் பார்க்கும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்



அண்மைக் காலமாக ஆசிரியர் அறையிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த தேநீர் வேளையிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "பெட்ரோலும் ஊற்றலாம், வீட்டிலேயே மின்சாரமும் ஏற்றலாம் என்கிறார்களே, அந்த மகிழுந்தை வாங்கலாமா?" அறிவியல் போதிப்பவன் என்பதால் என்னிடம் கேட்கின்றனர் போலும்.

என் விடை இதுதான். வீட்டில் முறையான பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். அன்றாடப் பயணம் மின்சாரத்தில் ஓடும் தொலைவுக்குள் அடங்க வேண்டும். நாள்தோறும் தவறாமல் செருகி மின்னேற்றும் பழக்கம் வேண்டும். இம்மூன்றும் இருந்தால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

பிளக்-இன் ஹைபிரிட் என்பது நமக்கு அயலான பொருளன்று. 2008ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் எஃப்3டிஎம் என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெருமளவில் உற்பத்தியான இவ்வகை வண்டிகளுள் அதுவே முதலாவது. நம் கெடா மாநிலத்துக் கூலிமில் உள்ள இனோக்கோம் தொழிற்சாலையில் பி.எம்.டபிள்யூ. 330இ பொருத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அன்று புதிதாகப் பெருஞ்செல்வர் வாங்கியவை இன்று பழைய வண்டிகளாகக் கைமாறுகின்றன. நடுத்தர வருமானக் குடும்பங்களின் கண்ணிலும் அவை படுகின்றன. அதனால்தான் இக்கேள்வி இப்போது திகாம் பத்துவரை வந்திருக்கின்றது.

விளம்பரத் தாளில் அச்சிடும் தொலைவை முதலில் நோக்குவோம். முதல் 330இ வண்டியின் மின்கலம் 7.6 கிலோவாட்-மணி. நம் மின்கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று எண்ணப்படுவதும் இந்தக் கிலோவாட்-மணிதான். அறிவிக்கப்பட்ட மின்னோட்டத் தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆனால், மின்கலத்தின் ஆயுளைக் காக்க வண்டியே ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துவிடும். ஆறு யூனிட் நம் கைக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். நம் வெயிலில் குளிரூட்டி இன்றி ஓட்டுவார் யார்? அதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது நியாயமான கணக்கு. ஆக, முப்பது கிலோமீட்டர். பல்லாண்டு உழைத்த பழைய மின்கலமானால் இன்னும் குறையும்.

அளக்கும் முறையும் கணக்கை மாற்றும். ஐரோப்பாவின் பழைய சோதனைமுறை தாராளமாக எண் கொடுத்தது. 2017 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த புதிய முறை சற்றுக் கடுமையானது. 18.3 கிலோவாட்-மணி மின்கலம் கொண்ட ஜேக்கூ ஜே7 வண்டிக்குப் பழைய முறையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சொல்லப்படுகின்றது. புதிய முறையிலோ ஏறக்குறைய தொண்ணூறுதான். வண்டி ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. எம்முறையில் அளந்தது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அதில் கால்பங்கைக் கழித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி, உங்கள் பயணத்தை எண்ணுங்கள். திகாம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போய்வர ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சிறிய மின்கலமே போதும். பட்டர்வொர்த்துக்குப் போய்வந்தால் ஐம்பதைத் தாண்டும், கூலிமுக்கு அறுபதைத் தாண்டும். சிறிய மின்கலம் பாதி வழியிலேயே தீர்ந்து, மீதித் தொலைவுக்குப் பெட்ரோல் எரியும். அது பழுதன்று, வண்டியின் இயல்பே அதுதான். ஆனால், மிச்சமாகும் பணம் குறையும்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோமே! ஆறு யூனிட்டை மின்கலத்தில் நிரப்ப, வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து ஏழு யூனிட் எடுக்க வேண்டும். மாதம் 22 பள்ளி நாள் என்றால் 154 யூனிட். 2025 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த இல்லக் கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு ஒரு யூனிட் ஏறக்குறைய 44 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கழிவு உண்டு. ஆனால், பயன்பாடு ஏற ஏறக் கழிவு சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே, வண்டிக்காகக் கூடுதலாக எடுக்கும் யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு ஏறக்குறைய 69 ரிங்கிட்.

அதே 660 கிலோமீட்டரைப் பெட்ரோலில் ஓட்டினால், நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் வீதம் 46 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் 92 ரிங்கிட். மிச்சம் எவ்வளவு? வெறும் 23 ரிங்கிட்! பெட்ரோல் மூன்று ரிங்கிட்டுக்கு விற்றால் மிச்சம் 69 ரிங்கிட்டாக உயரும். மானியப் பெட்ரோல் கிடைக்கும்வரை, மாதத் தவணையில் சில நூறு ரிங்கிட் கூடுதலாகக் கட்டி இந்த 23 ரிங்கிட்டை மிச்சப்படுத்துவது சிக்கனமாகுமா? சிந்திக்க வேண்டும்.

சரி, செருகாமலே ஓட்டினால்? இதற்கு ஐரோப்பாவின் பட்டறிவு நமக்கு விடை தருகின்றது. 2021இல் பதிவான வண்டிகள் சாலையில் உண்மையாக எரித்த எரிபொருளின் தரவை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகள் வெளியிட்ட கரியமிலவாயு, ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் மின்னேற்றாததே முதன்மைக் காரணம். செருகாத பிளக்-இன் ஹைபிரிட், மின்கலத்தின் எடையையும் சேர்த்துச் சுமக்கும் பெட்ரோல் மகிழுந்தே.

என்னை உண்மையில் கவலையுறச் செய்வது பணமன்று. வீட்டுச் சுவர்தான். தாமான் வீடுகளில் வாகனம் நிறுத்தும் முகப்பு உண்டு, சுவரும் அருகில் உண்டு. தோட்டத்து லயத்து வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நிலை வேறு. சன்னல் வழியாக நீட்டிப்புக் கம்பியை இழுத்து மின்னேற்றும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. கைப்பேசிக்கு மின்னேற்றுவது போன்றதன்று இது. பத்து ஆம்பியர் மின்னோட்டம் மூன்று மணி முதல் எட்டு மணி நேரம்வரை இடையறாது பாய்கின்றது. பழைய கம்பியும், தளர்ந்த பிளக் பாயிண்டும், சுருட்டியே வைத்த நீட்டிப்புக் கம்பியும் சூடேறி உருகலாம், தீப்பற்றலாம். குடும்பம் உறங்கும் நேரத்தில் இது நிகழ்ந்தால்?

ஆதலின், வாங்குவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

1. வண்டிக்கு முன்பணம் கட்டுமுன், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழைத்து வீட்டு மின்கம்பிகளைச் சோதியுங்கள்.

2. மின்பெட்டியிலிருந்து வண்டிக்கென்றே தனிக் கம்பியும், தனித் துண்டிப்பானும், மின்கசிவுக் காப்பும் அமைக்கச் சொல்லுங்கள். குளிரூட்டியோடும் நீர்ச்சூடேற்றியோடும் பங்கிட வேண்டாம்.

3. சிறிய மின்கலத்திற்கு விலையுயர்ந்த சுவர் மின்னேற்றி கட்டாயமில்லை. 230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். ஏழு யூனிட் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும்.

4. மூடா ஆற்றை அடுத்த தாழ்நிலத்தில் வாழ்வோர் பிளக் பாயிண்டை உயரத்தில், மழைநீர் படாத மூடியோடு அமையுங்கள்.

5. நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தவர்களுக்குப் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடிய நேரம். பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் நாம் வந்தவுடன் செருகினால் கூடுதல் விலையே கொடுப்போம். இரவு பத்துக்குப் பின் தொடங்குமாறு வண்டியிலேயே நேரம் குறித்துவிடலாம்.

6. பழைய வண்டியானால், முழுமையாக மின்னேற்றி, நீங்கள் நாளும் செல்லும் சாலையில் ஓட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.

இவற்றுக்கு வழியில்லாத வீட்டினர் சாதாரணச் சிறிய மகிழுந்தை வாங்குவதில் எள்ளளவும் இழுக்கில்லை. அவர்களைப் பார்த்து, 'காலத்திற்கேற்ப மாறவில்லை' என்று சொல்வது அறியாமை. பிளக் பாயிண்ட் இல்லாதவனிடம் பிளக்-இன் வண்டியை விற்பவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்சுற்றைக் கற்பிக்கின்றோம். கணிதத்தில் பெருக்கலும் வகுத்தலும் கற்பிக்கின்றோம். ஒரு நாள் மாணவர்களைத் தத்தம் வீட்டு மின்கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்பாவின் வேலையிடம் எத்தனை கிலோமீட்டர், அதற்கு எத்தனை யூனிட் வேண்டும் என்று அவர்களே கணக்கிடட்டும். பளபளக்கும் விளம்பரத் தாளை முன்வைத்து ஒருவர் பேசும்போது, 'எந்த முறையில் அளந்தது?' என்று கேட்கும் பிள்ளையை நம் தமிழ்ப்பள்ளி உருவாக்கிவிட்டால், அக்குடும்பம் எந்த வண்டியை வாங்கினாலும் ஏமாறாது.

மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் தெரிவியுங்கள். சிந்திப்போம், கணக்கிடுவோம், பிறகு வாங்குவோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்